நான் திறக்க மறுத்த பெட்டி

கடைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் நான் சாமர்த்தியமாகச் சரிசெய்த வேலை எதையும் எழுதப் போவதில்லை. அதையெல்லாம் வாடிக்கையாளர்களே உங்களுக்குச் சொல்வார்கள். ஒரு ஸ்டுடியோ கம்ப்யூட்டரைச் சரிசெய்யப் போய் ஒரு பெண்ணுக்குக் கிடைக்க இருந்த வேலையைக் கெடுத்துவிட்டு வந்தேன். அதை யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

என்னைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், பாகங்களைப் பொருத்துகிற லைனில் உட்கார்ந்தேன். பிறகு குவாலிட்டி சூப்பர்வைசர் ஆனேன். கம்பெனியை மூடினார்கள். வீட்டில் உட்கார்ந்து புலம்ப எனக்கு வராது. ஒரகடம் ரோட்டில் இந்தக் கடையைப் போட்டேன். யாருக்கு எப்படி வேண்டுமோ அப்படிக் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுத்தேன். கண் மங்கியதும் கடையை விட்டுவிட்டேன். எனக்கு வாய் துடுக்கு என்று சொல்லியிருப்பார்கள். உண்மைதான்.

கம்பெனியிலிருந்து இரண்டு பழக்கங்களைக் கடைக்கு எடுத்து வந்தேன்.

ஒன்று, சீல். சோதனையில் பாஸான பீஸின் மேல் சீல் ஒட்டிவிட்டால் லைனில் யாரும் அதைத் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு குறை வந்தால் அது வெளியே நடந்த தப்பு. கடையிலும் அதையே செய்தேன். பெட்டியைக் கட்டி, நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்து, மூடியின் திருகு மேல் என் கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கரை ஒட்டுவேன்.

இன்னொன்று, பட்டை. நடக்கும்போதும் துணி உரசும்போதும் நம் உடம்பில் மின்சாரம் சேரும். நமக்கு அது ஒரு சுருக். சர்க்யூட்டுக்கு அது சாவு. அதனால் லைனில் எல்லோரும் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதன் வயரைத் தரையோடு இணைத்த கம்பியில் மாட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்தால் கழற்றி, வந்ததும் மாட்ட வேண்டும். பெண்பிள்ளைகள் அதை நாய்ச்சங்கிலி என்பார்கள். எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டும் நல்ல பழக்கங்கள்தான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அவற்றை வைத்து நான் செய்ததுதான் அசிங்கம்.

சேரப்பணஞ்சேரியில் செல்வின் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற இடத்தில் ஷிப்ட் பார்க்க வந்தவன். ஹாஸ்டலில் கூட இருந்தவர்கள் பாடுவதைப் போனில் பதிவு செய்யத் தொடங்கி, கடைசியில் வேலையை விட்டுவிட்டு ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் இடம் பிடித்தான். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராதபடி செய்துவிட்டான். பக்கத்துக் கட்டடத்தில் இரும்புத் தகட்டை அடித்து வாஷர் வெட்டுகிற பிரஸ் ஷாப். கதவைச் சாத்திவிட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சினிமாப் பாட்டு ஸ்டுடியோ என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு "ஆட்கள் தேவை, தங்குமிடம் உண்டு" என்று போகிறதே, அது. சர்ச் பாட்டு. கோயில் கூழ் ஊற்றும் அறிவிப்பு. கம்பெனிக்குள் ஷிப்ட் தொடங்கும்போது ஒலிக்கிற பாதுகாப்பு அறிவிப்பு. இந்தப் பக்கத்துக்கு வேண்டிய குரலெல்லாம் அந்த அறையில்தான் பதிவாகிறது.

அவனுக்குக் கம்ப்யூட்டர் நான்தான் கட்டிக் கொடுத்தேன். மைக்கில் பேசுவதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற சின்னப் பெட்டிக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று பேர். அது அவனிடம் இருந்தது. கீபோர்டு, மவுஸ் எல்லாம் ஒரு வழியில் போகட்டும், சத்தத்துக்குத் தனி வழி இருக்கட்டும் என்று அதற்காகவே ஒரு யுஎஸ்பி கார்டை உள்ளே பொருத்தினேன். என் பெஞ்சில் வைத்து ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. சீல் ஒட்டி அனுப்பினேன்.

கொஞ்ச நாளில் போன் வந்தது.

"யக்கா, பேசிக்கிட்டு இருக்கையிலயே இன்டர்ஃபேஸு செத்துச் செத்துப் பொழைக்கு. பதிவு பாதியில அந்து போவுது."

"கேபிளை மாத்துனியா?"

"மாத்திட்டேன்க்கா. நீங்க சொல்லுவீங்கன்னு தெரியும்."

"அப்ப எதுக்குப் போன் பண்ண?"

"ஒரு எட்டு வந்துட்டுப் போங்கக்கா. பெரிய வேல ஒண்ணு மாட்டியிருக்கு. இத விட்டா நான் திரும்பப் போயி ஷிப்டுதாம் பாக்கணும்."

போனேன். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. கஸ்தூரி. மண்ணூர்க்காரி. பழைய கம்பெனியில் என் லைனில் வேலை பார்த்தவள்.

"இன்னா மேடம், நல்லா கீறீங்களா? இங்கயும் செக்கிங்கா?"

"நீ எங்க இங்க?"

"லைன்ல வாய மூடு, வாய மூடுன்னு கத்துவீங்களே. இங்க தொறந்தாத்தான் வேலையாம். அதான் வந்துட்டேன்."

செல்வின் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பழைய சூப்பர்வைசர் நினைப்பு எனக்கு அப்போதும் போகவில்லை.

கம்பெனி மூடிய பிறகு கஸ்தூரி வல்லம் வடகாலில் ஒரு கிடங்கில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஷிப்ட் முழுக்க நிற்கிற வேலை. முழங்கால் வீங்கிக் கிடந்தது. அதே வல்லம் வடகாலில் புதிதாக ஒரு கம்பெனி திறக்க இருந்தார்கள். அவர்களுடைய பாதுகாப்பு அறிவிப்புகளுக்கு ஒரு குரல் தேடினார்கள். செல்வின் அனுப்பிய மாதிரிப் பதிவுகளில் கஸ்தூரியின் குரல் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. பதிவு நல்லபடியாக முடிந்தால் அவர்களுடைய பயிற்சிப் பிரிவிலேயே அவளை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு விதிகளைச் சொல்லித் தருகிற வேலை.

"நாற்காலி உண்டாம் மேடம்," என்றாள் கஸ்தூரி. "அந்தக் கம்பெனி சார் சொன்னாரு. உக்காந்துகினே சொல்லிக் குடுக்கலாமாம்."

சம்பளம் எவ்வளவு என்று அவள் சொல்லவில்லை. நாற்காலியைத்தான் இரண்டு தடவை சொன்னாள்.

நான் வேலையை ஆரம்பித்தேன். என்னென்ன செய்தேன் என்று விவரிக்க மாட்டேன். நீங்களே செய்கிறவைதான். கேபிள், சாக்கெட், எர்த், மின்சாரம் மிச்சம் பிடிக்கிற செட்டிங், எல்லாவற்றையும் பார்த்தேன். கடையிலிருந்து வேறொரு இன்டர்ஃபேஸைக் கொண்டுபோய் மாட்டினேன். அதுவும் அறுந்தது. அப்படியானால் இன்டர்ஃபேஸ் மேல் தப்பு இல்லை.

செல்வினைப் பேசச் சொன்னேன். "ஹலோ, செக், ஹலோ" என்றான். ஒன்றும் ஆகவில்லை. நான் பேசினேன். ஒன்றும் ஆகவில்லை. கஸ்தூரி உட்கார்ந்து, "அனைவரும் கவனிக்கவும். இப்பகுதியில் இயந்திரங்கள் தானாக இயங்கும்..." என்று ஆரம்பித்து அரைப் பக்கம் போனதும் செத்தது. மறுபடி நான். சரியாக இருந்தது. மறுபடி அவள். அறுந்தது.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். நானும் செல்வினும் ஒரு வாய் பேசிவிட்டு எழுந்துவிட்டோம். அவள்தான் நீளமாகப் பேசினாள். விட்டு விட்டு வருகிற குறை எப்போதும் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறவர் தலையில்தான் விழும். இதைக் கம்பெனியில் நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அது என் மூளைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்றால் எனக்கு வேறொன்று ஏற்கெனவே வந்திருந்தது.

கஸ்தூரி மைக் ஸ்டாண்டை நகர்த்தக் கையை வைத்தாள். "ஸ்ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?"

"சுருக்குன்னுச்சு மேடம்."

அதே நேரம் திரையில் இன்டர்ஃபேஸ் போய்விட்டது.

போதும் எனக்கு. ஏசி அறை, தரையில் விரிப்பு, அவள் கட்டியிருந்தது நைலக்ஸ் புடவை. உடம்பு மின்சாரம்தான். அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. பழைய லைனில் இவள் இடத்திலிருந்து வந்த போர்டுகள் சில கெட்டன. சிலருக்கு உடம்பில் சார்ஜ் அதிகம் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. நானும் நம்பினேன். இவளை லைனிலிருந்து எழுப்பிப் பேக்கிங்குக்கு அனுப்பினேன். ஆக, அறைக்குள் நுழைந்தபோதே இவள் மேல் என்னிடம் ஒரு முத்திரை தயாராக இருந்தது. சுருக்கென்ற சத்தம் வந்ததும் அதை எடுத்து ஒட்டினேன்.

செல்வின் அப்போது ஒன்று கேட்டான். அதைத்தான் நீங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

"யக்கா, தப்பா நெனைக்காதீங்க. பெட்டியத் தொறந்து உள்ள ஒரு பார்வை பாத்துருவமா?"

"அதுல என்ன ஒட்டியிருக்கு, பாரு."

"உங்க சீலு."

"என் சீல் இருக்குற பெட்டிக்குள்ள ஒண்ணும் இருக்காது. இருபது வருஷம் லட்சக்கணக்குல பாஸ் பண்ணவ நான். நீ எனக்குக் கத்துக் குடுக்காத."

அவன் வாயை மூடிக்கொண்டான். தெற்கத்திப் பிள்ளைகள் அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் கத்தினேன்.

மறுநாள் அந்தக் கம்பெனியின் பயிற்சி அதிகாரி பதிவைக் கேட்க நேரில் வந்தார். தன்மையான மனிதர். ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அவர் முன்னாலேயே பையிலிருந்து பட்டையை எடுத்தேன்.

கஸ்தூரி அதைப் பார்த்த பார்வையை நான் எழுத வேண்டியதில்லை.

"இங்கயுமா மேடம்?"

"கையைக் குடு. வளையலைக் கழட்டு. செருப்பை வெளிய விடு."

"கண்ணாடி வளையலு. அதுல இன்னா கீது?"

"கழட்டுன்னா கழட்டு."

ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கொலுசையும் கழற்றச் சொன்னேன். மணிக்கட்டில் பட்டையை இறுக்கி, வயரைக் கம்ப்யூட்டர் பெட்டியின் இரும்பில் மாட்டினேன். வயர் குட்டை. அதனால் அவள் மைக்குக்கு நேராக நிமிர்ந்து உட்கார முடியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து பேசினாள். "அனைவரும் கவனிக்கவும்." குரல் நடுங்கியது. நடுங்காமல் என்ன செய்யும்? கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அறுந்தது.

அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார். "என்ன பிரச்சினை மேடம்?"

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், திரும்பி வந்த பீஸ்களைச் சோதிக்கிற பிரிவில் ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தார். குறை தெரியாத பீஸ் மேல் நாங்களெல்லாம் "குறை இல்லை" என்று எழுதுவோம். அவர் மட்டும் "எனக்குத் தெரியவில்லை" என்று எழுதுவார். மேலிடத்தில் திட்டுவார்கள். "வாங்கினவன் வேலையில்லாமலா இதைத் திருப்பி அனுப்பினான்?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் அதையே எழுதுவார். அவரிடம் ஒரு வருஷம் வேலை கற்றேன். எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன், அந்த இரண்டு வார்த்தைகளைத் தவிர.

எனக்குத் தெரியவில்லை என்று அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டை கட்டியும் அறுந்துவிட்டது. நான் சொன்ன காரணம் அங்கேயே பொய்யாகிவிட்டது. அதை ஒப்புக்கொள்ளாமல் இன்னும் ஒரு படி ஏறினேன்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். இவங்களுக்கு உடம்புல சார்ஜ் அதிகம். பட்டைக்கும் அடங்கல. சிலருக்கு அப்படித்தான். கம்பெனியிலயே பாத்திருக்கேன். வேற ஆளை வச்சுப் பேசிப் பாருங்க."

கஸ்தூரி பட்டையைத் தானே கழற்றி மேஜை மேல் வைத்தாள். வளையல்களை மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நான் கெளம்பறேன் செல்வினு," என்றாள்.

அதிகாரி எழுந்து நின்று, "சாரிம்மா," என்றார். அவர் எதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை வேறொரு பெண்ணை வரவழைத்தார்கள். ஷாலினி என்று பேர். நல்ல பெண். காலையில் உட்கார்ந்தவள் சாயங்காலத்துக்குள் எல்லா அறிவிப்பையும் பேசி முடித்தாள். ஒரு தடவைகூட அறுபடவில்லை. செல்வின் போன் பண்ணிச் சொன்னான். "பாத்தியா?" என்றேன். அந்தச் சொல்லை நான் எவ்வளவு திருப்தியாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. வீட்டில் மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். பயிற்சி வேலையும் ஷாலினிக்கே போனது.

மருந்து கொடுத்ததும் காய்ச்சல் விட்டது என்றால் மருந்தால்தான் விட்டது என்று நினைப்போம். அன்றைக்கு ஆளை மாற்றியது ஒன்று. அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது இன்னொன்று. இரண்டு மாறியிருக்கின்றன. எனக்குப் பிடித்ததை நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் செல்வின் மறுபடியும் கூப்பிட்டான். குரல் கம்மியிருந்தது.

"யக்கா, சர்ச் பாட்டு எடுத்துக்கிட்டு இருக்கேன். அந்து போவுது."

"யார் பாடுறாங்க?"

"நான்தாம்க்கா பாடுதேன்."

நான் போனபோது அவன் கதவைத் திறந்துவிட்டு, "டீ வாங்கிட்டு வந்துருதேன்," என்று போய்விட்டான். என் முகத்தைப் பார்க்க அவனுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அறையில் நான் மட்டும். கதவு சாத்தியிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. பெட்டியின் மேல் கையை வைத்தேன். சும்மாதான் வைத்தேன். உள்ளங்கையில் 'தம்' என்று ஓர் அதிர்வு வந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும். பக்கத்துப் பிரஸ் ஷாப். காதுக்கு வராதது தரை வழியாகக் கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அது ஓடாது.

ஆனால் பிரஸ் அதிர்ந்தால் ஒழுங்காகக் கட்டிய கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். என் சீலை நானே கிழித்தேன்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். சத்தத்துக்கென்று நான் பொருத்திய கார்டு. பின்பக்கம் திருகு இறுக்கமாக இருந்தது. முன்பக்கம் ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டு நின்றது. அந்தப் பெட்டியின் தகடு கொஞ்சம் கோணல். திருகை இறுக்க இறுக்க, கார்டின் மறுமுனை அது செருகியிருந்த பள்ளத்திலிருந்து மேலே எழும்பியிருக்கிறது. திருகு அரைகுறையாக இருந்தால் எனக்குப் பிடிக்காது. முழு வலுவையும் கொடுத்து இறுக்கியிருக்கிறேன். என் பெஞ்சு ஆடாத பெஞ்சு. அங்கே அது பிடித்துக்கொண்டு நின்றது. இங்கே பிரஸ் தட்டத் தட்ட எப்போதாவது ஒரு கணம் தொடர்பு விட்டது. கஸ்தூரிக்கு வந்த சுருக் ஏசி அறையில் யாருக்கும் வருவதுதான்; அதே நேரத்தில் அறுந்தது தற்செயல்.

சரிசெய்ய என்ன வேண்டும்? திருகைத் தளர்த்தி, தகட்டை விரலால் நிமிர்த்தி, கார்டை அழுத்தி, திரும்ப மாட்ட வேண்டும். ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. செய்தேன்.

செய்து முடித்ததும் என் கை பைக்குள் போனது. புது ஸ்டிக்கரை எடுத்தேன். உரித்தேன். மூடியைப் போட்டு அதன் மேல் ஒட்டிவிட்டால், "கேபிள் லூசு, அழுத்திட்டேன்" என்று ஒரு வார்த்தையோடு எல்லாம் முடிந்துவிடும். அந்த நினைப்பு வந்தது. வந்தது மட்டுமில்லை, விரல் நுனியில் ஸ்டிக்கர் இருந்தது. அப்போது செல்வின் டீயோடு உள்ளே வந்தான். திறந்த பெட்டியைப் பார்த்தான். கிழிந்து கிடந்த சீலைப் பார்த்தான். என் விரலையும் பார்த்தான்.

"நீங்க போட்ட கார்டாக்கா?"

"ஆமா."

அவன் டீயை மேஜையில் வைத்தான்.

"அப்போ கஸ்தூரி அக்காட்ட யாரு சொல்லுதது?"

"நான் சொல்றேன்."

அவன் வராமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேனா? எனக்குத் தெரியவில்லை. இதையாவது அந்த இன்ஸ்பெக்டர் எழுதுவது போல எழுதுகிறேன்.

முதல் ஷிப்ட் விடுகிற நேரத்தில் வல்லம் வடகால் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். கிடங்குப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். கஸ்தூரி கடைசியில் நொண்டி நொண்டி வந்தாள்.

"இன்னா மேடம், இங்க யாருக்குச் சங்கிலி கட்ட வந்தீங்க?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தனியாகக் கூப்பிட நினைத்தேன். பட்டையைக் கட்டும்போது மற்றவர்கள் முன்னால்தானே கட்டினேன் என்று தோன்றியது. அங்கேயே சொன்னேன். கார்டைப் பற்றி, திருகைப் பற்றி, பிரஸ் ஷாப்பைப் பற்றி. தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப என் ஒடம்புல ஒண்ணுமில்ல?"

"இல்ல."

"ஒண்ணுமே இல்ல?"

"இல்ல கஸ்தூரி."

"பேத்தியத் தூக்காம கீறேன் மேடம். கொழந்த மேல கரண்ட்டு கிரண்ட்டு பாஞ்சிடப் போவுதுன்னு. அது கையத் தூக்கிகினு வருது, நான் ஒதுங்கி ஒதுங்கிப் போறேன். மருமவ என்னைக் கிறுக்குன்னு நெனைக்கிறா."

கூட இருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். இப்படி ஒன்று நடந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. வேலை போனதை மட்டும்தான் நினைத்திருந்தேன்.

"லைன்ல ஒக்காந்துகினு இருந்தேன். எழுப்பி வுட்டீங்க. அன்னிலேர்ந்து நிக்கிறேன். இங்க ஒக்காரப் போனேன். அப்பயும் எழுப்பி வுட்டீங்க. நான் ஒக்காந்தா உங்களுக்கு இன்னா மேடம்?"

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு அவளே அடுத்ததையும் கேட்டாள்.

"லைன்ல போர்டு போச்சே, அதுவாச்சும் நெஜமா என்னாலயா?"

"தெரியல."

"தெரியலயா?"

"சரியாப் பாக்கல. இப்ப நெனச்சா சந்தேகமா இருக்கு."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நானும் திட்டுகிறவள்தான். அவள் திட்டவில்லை. பஸ் வந்தது. படியில் காலைத் தூக்கி வைக்க ஒருத்தி கை கொடுத்தாள். ஏறி நின்றுகொண்டு சொன்னாள்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அந்த சாராண்ட போய்ச் சொல்லுங்க. அவரு முன்னாலதான சொன்னீங்க."

போனேன். கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினான். அதிகாரி வெளியே வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஷாலினி சேர்ந்துட்டாங்க மேடம். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. அவங்களை நீக்க முடியாது."

"நீக்கச் சொல்லல. கஸ்தூரி மேல தப்பு இல்லன்னு உங்களுக்குத் தெரியணும்."

"அவங்க குரல் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. மெஷின்ல என்னன்னு தெரியல, கொஞ்சம் டைம் குடுங்கன்னு சொல்லியிருந்தீங்கன்னா குடுத்திருப்போம். அவசரமே இல்ல. நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அவசரம் இல்லையாம். அவசரம் எனக்கு மட்டும்தான் இருந்தது.

கடைக்குத் திரும்பி வந்து, கட்டி வைத்திருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து கார்டுகளைப் பார்த்தேன். மற்றவையெல்லாம் சரியாக இருந்தன. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. அன்றிலிருந்து கடையில் ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்தினேன். ஏன் நம் கடைப் பெட்டிகளில் சீல் இல்லை என்று உங்களில் ஒருவர் கேட்டதாகச் சொன்னார்கள். காரணம் இதுதான்.

சில மாதம் கழித்துச் செல்வின் கூப்பிட்டான். கஸ்தூரியை மறுபடியும் பேச வரச் சொல்லிக் கேட்டிருக்கிறான். ஆட்டோ விளம்பரம், திருவிழா அறிவிப்பு, சின்னச் சின்ன வேலைகள். வருகிறேன் என்றாளாம்.

"ஆனா யக்கா..."

"சொல்லு."

"நீங்க அங்க இருந்தா வர மாட்டாங்களாம்."

"சரியாத்தான் சொல்லியிருக்கா. நான் வரல."

அதன்படியே நடந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் எந்த வேலை வந்தாலும், அவள் பேசி முடித்துக் கிளம்பிய பிறகுதான் செல்வின் எனக்குப் போன் செய்வான். நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மைக்குக்கு முன்னால் நல்ல நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருந்தான். அதில் நான் உட்காருவதில்லை. நின்றுகொண்டே வேலையை முடிப்பேன். கஸ்தூரி இன்னும் பேக்கிங்குக்குத்தான் போகிறாள். வார விடுமுறையில் மட்டும் இங்கே வந்து உட்காருகிறாள்.

இப்போது நான் கடையில் இல்லை. அந்த ஸ்டுடியோ உங்கள் பொறுப்பு. பழைய பெட்டிதான். ஒரு நாள் செல்வின் கூப்பிடுவான். நீங்கள் போகும்போது கஸ்தூரி உட்கார்ந்திருப்பாள். எந்தக் கடையிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்பாள். மறைக்காதீர்கள், சொல்லுங்கள். என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்வாள். குறுக்கே பேசாதீர்கள். எனக்காகப் பரிந்தும் பேசாதீர்கள். அவளை எழுந்திருக்கச் சொல்லாமல், பெட்டியை உங்கள் பக்கம் இழுத்து, முதலில் அதன் மூடியைத் திறங்கள்.